மேரிராணி குளிக்காத தொட்டி

என் மனைவி மேரிராணியோடு குடும்பம் நடத்தப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். இருக்கிற பொறுமையை எல்லாம் கடையிலேயே அந்தக் கம்பிகளுக்குச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவன் நான்.

குடிக்கக் கொடுத்த டம்ளரில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டு எங்கள் வீட்டிலிருந்து எந்த விருந்தாளியும் எழுந்து போனதில்லை. "அந்தக் கொஞ்சத்தையும் குடிச்சிருங்க" என்று முன்னால் வந்து நிற்பாள். வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமியாரிடமும் அப்படித்தான் நின்றாள். அவர் பாவம், தாகமே இல்லாமல் குடித்தார். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் முற்றத்துக்குப் போகும். அவள் குளிப்பது அரை வாளியில். அந்த அரை வாளியிலும் கொஞ்சம் மிஞ்சும். எப்படி மிஞ்சுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் பிறந்த ஊர் எப்போதும்வென்றான் பக்கம். அங்கே எப்போதும் வென்றது வெயில்தான் என்று நான் சொல்வேன். முறைப்பாள். கோவில்பட்டிக்குக் கல்யாணமாகி வந்து, எங்கள் முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு, ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் பெயர் வாங்கியவள். கழுத்து வெட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டவர்கள் சொன்னது.

பிறகு அவளுக்குச் சொரியாசிஸ் வந்தது. முதலில் முழங்கை, அப்புறம் முதுகு, அப்புறம் கால். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். ஊறல் தாங்காமல் தையல் ஸ்கேலை எடுத்து முதுகில் விட்டுச் சொறிவாள். வீட்டுக்குள் மிஷின் சத்தம் நின்றால் சொறிகிற சத்தம் கேட்கும். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார், நானும் தெருவெல்லாம் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஒருத்தி, தைத்த துணியை வாங்கி வாசலிலேயே உதறிப் பார்த்தாள். இன்னொருத்தி, தைக்கக் கொடுத்த துணியை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். கோவிலில் பெஞ்சின் ஓரத்தில் மேரிராணி உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே கிடக்கும். அவள் முழுக்கை வைத்த ஜாக்கெட் தனக்குத் தானே தைத்துக்கொண்டாள், பங்குனி வெயிலில்.

டாக்டர் மருந்தோடு இன்னொன்றும் சொன்னார். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் உடம்பு முழுக்க முங்கிக் கிடக்கவேண்டும், எழுந்த ஈரத்தோடு களிம்பு பூசவேண்டும். உப்புத் தண்ணீர் கூடாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, சோப்புப் போட்டால் நுரையே வராது. ஆக, குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அது நல்ல வாரம்.

"தினமும் வேண்டாம், தண்ணி வருத அன்னைக்கு மட்டும் முங்கிக் கிடங்களேம்மா" என்று டாக்டரே இறங்கி வந்தார். மேரிராணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன் பாருங்கள், அதுதான் என் கெட்ட நேரம்.

தூத்துக்குடியில் இடித்த ஒரு லாட்ஜிலிருந்து பழைய ஃபைபர் தொட்டி ஒன்றை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கால் நீட்டிப் படுக்கிற தொட்டி. தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி அக்கா, "படகு வாங்கியிருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். எங்கள் குளியலறையில் அதை மூலையில் ஒண்டி வைத்தால் இரண்டு பக்கமும் சுவர். அந்தச் சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, தண்ணீர் பட்டால் கையோடு வரும். தொட்டியைச் சுற்றி டைல்ஸ் ஒட்டாமல் தீராது.

டைல்ஸ் கொத்தனார் முப்பிடாதி எனக்கு நல்ல பழக்கம். போன் செய்தால் எடுப்பான். எடுத்து, "அண்ணாச்சி, ஒங்க வேலைதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு" என்பான். மனதில் ஓடியதே தவிர அவன் வண்டி எங்கள் தெருப்பக்கம் ஓடவில்லை. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம், அதை முடித்தால் ஒரு பெரிய வீடு என்று அவனுக்கு ஆயிரம் வேலை. சின்னக் குளியலறைக்கு எவன் வருவான்? ஒரு நாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மயிரிழைக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுகிறவனுக்குச் சுவரில் சதுரம் சதுரமாக ஒட்டத் தெரியாதா என்று நானே இறங்கிவிட்டேன்.

வாங்கி வந்த டைல்ஸ் ஓடுகளை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டேன். சிமெண்டில் பதிக்கிற ஓடு ஊறினால்தான் பிடிக்கும். வாளியை எட்டிப் பார்த்த மேரிராணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"நல்ல தண்ணியிலயா ஊறப்போட்டிருக்கீங்க?"

"ஓடு தண்ணி குடிக்கணும்டி."

"அத்தனை ஓடும் குடிச்சா நாம என்னத்தைக் குடிக்க?"

ஒவ்வொரு ஓடாக எடுத்து, துடைத்து, அடுக்கிவைத்துவிட்டாள். மிச்சத் தண்ணீரைத் துணியால் வடிகட்டி வேறு வைத்தாள். நான் மறுபடி கடைக்குப் போய், ஊறவைக்கத் தேவையில்லாத பசை மூட்டை வாங்கிவந்தேன். அந்தப் பசையைக் குழைக்கவும் தண்ணீர் வேண்டும் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. முகம் கழுவப் போகிறவன் போல மொண்டு போய்க் குழைத்தேன். என் சொந்த வீட்டில் நான் தண்ணீர் திருடினேன்.

தொட்டியின் விளிம்பையே அடிக்கோடாக வைத்து முதல் வரிசையை ஒட்டினேன். அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது. ஒட்டும்போது எல்லாம் நேராகத்தான் இருந்தது. மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போனதும், இந்தச் சுவரின் வரிசையும் அந்தச் சுவரின் வரிசையும் ஒரு கட்டைவிரல் அளவு ஏறி இறங்கி நின்றன. இந்தக் கரிசல் மண்ணில் கட்டிய வீட்டில் எந்தச் சுவர் நேராக இருக்கிறது? மழையில் மண் உப்பிக் கதவு மூடாது. கோடையில் மண் சுருங்கித் தாழ்ப்பாள் எட்டாது. மூலைக்கு மூலை வெடிப்பு. நான் ஓட்டைப் பிடுங்க, அதோடு சுண்ணாம்புப் பூச்சும் பெயர்ந்து வர, உள்ளே செங்கல் பல்லைக் காட்டியது. ஒட்ட வேண்டிய ஓடு ஒட்டமாட்டேன் என்கிறது, ஒட்டாத நோயை ஊரே ஒட்டும் என்கிறது. கொத்துக்கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அது தொட்டிக்குள் போய் விழ, "தொட்டி கீறிரும்லா!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

அந்த வாரம்தான் முப்பிடாதி வந்தான். என் வேலைக்கு இல்லை. அவனுடைய டைல்ஸ் வெட்டும் மிஷினுக்கு நான் காயில் கட்டி வைத்திருந்தேன், அதை வாங்க வந்தான். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காதலே. என்ன செய்யணும்னு சொல்லு."

"தொட்டி விளிம்பை நம்பிக் கோடு போடலாமா அண்ணாச்சி? தண்ணி வடியணும்னு அதைச் சாய்ச்சுலா வச்சிருப்பாவ."

பூச்சை முழுக்கக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, அது காய்ந்த பிறகு ரசமட்டம் பார்த்து, இரண்டாம் வரிசை வருகிற உயரத்தில் சுவரில் ஒரு மரச்சட்டத்தை அடிக்கச் சொன்னான். அந்தச் சட்டத்தின் மேலிருந்து ஒட்டிக்கொண்டு போகவேண்டும். அடிவரிசையைக் கடைசியில், தொட்டியின் சாய்வுக்குத் தக்கபடி ஒவ்வொரு ஓடாக வெட்டி வைக்கவேண்டும். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"தொட்டியும் ஓடும் சேருத எடத்துல சிலிக்கான் பசை வைக்கிறதுக்கு முன்னால, தொட்டி நெறையத் தண்ணி விட்டிருங்க. பாரத்துல தொட்டி கொஞ்சம் அமுங்கும். அமுங்கின பொறவு வைங்க. காயுத மட்டும் தண்ணி நிக்கட்டும். வெறுந்தொட்டியில வச்சா, பொறவு ஆள் எறங்கும்போது பிஞ்சிரும்."

மேரிராணிக்கு இது உடனே பிடித்துவிட்டது. "சாப்பிட்ட பொறவு இடுப்பு அளவெடுக்குத மாதிரி" என்றாள். அவள் அன்றைக்குச் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பாக்கியசாமி, நீ கெட்டிக்காரன், கரை சேர்ந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பிடாதி சொன்னபடியே செய்தேன். கடையைச் சாத்திய பிறகு ஒரு வரிசை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இரண்டு வரிசை. குழாய் வெளியே வருகிற இடத்தில் ஓட்டில் வட்டமாக ஓட்டை போடவேண்டும். அதில் உடைந்த ஓடுகளை வைத்து இன்னொரு குளியலறை கட்டலாம். முட்டி போட்டே முட்டி வீங்கியது. வாடகைக்கு எடுத்த வெட்டும் மிஷினின் தூசியில் என் தலை நரைத்து, தட்டினால் மறுபடி கறுத்தது. ஆனாலும் முடிந்தபோது சுவர் ஒரே கோடாக நின்றது. இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைத்து, துடைத்து, பார்த்துக்கொண்டே நின்றேன். மேரிராணி உள்ளே வந்து ஓட்டின் சேர்மானத்தை விரலால் தடவிப் பார்த்தாள், தையல் மடிப்பைத் தடவுவது மாதிரி.

"நல்லா வந்திருக்குங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அது சுலபத்தில் வராது.

குழாயில் தண்ணீர் வந்த அன்று ஹோஸைப் போட்டுத் தொட்டியை நிரப்பினோம். தொட்டி லேசாக அமுங்கியது. சிலிக்கானை இழுத்து வைத்தேன். சொன்ன நேரம் விட்டுக் காயவும் காய்ந்தது. வாசனை போக இன்னும் ஒரு நாள் விட்டேன்.

"காய்ஞ்சிட்டு. எறங்கு" என்றேன்.

"இன்னைக்கு இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள், ஜாக்கெட் ஒன்று அவசரம் என்றாள். அதற்கு மறுநாள் தலைவலி. நான் தொட்டியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்றேன். திறந்துவிடுவதா? நிறைந்து நிற்கிற நல்ல தண்ணீரையா? கர்த்தரே என்று நெஞ்சில் கைவைத்தாள். அடுத்த வாரம் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவள் கேட்ட முகூர்த்தம், அடுத்த வாரம் தண்ணீர் வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாம். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அதற்கப்புறம் அது குளியல் தொட்டி இல்லை, எங்கள் வீட்டின் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் ஒரு சொம்பு வந்தது. குழாயில் தண்ணீர் வந்த நாளெல்லாம் மறுபடி விளிம்புவரை நிரப்பி வைத்தாள். சுந்தரேஸ்வரி அக்கா குடத்தோடு வந்து, "படகுத் தண்ணி ரெண்டு கொடம் தாயேன் மேரி" என்று கேட்க, இவள் மொண்டு மொண்டு கொடுத்தாள். ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், தொட்டிக்கு உறை போட்டிருக்கிறாள்! பழைய வாயில் சேலையில், சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, மிக்சிக்குப் போடுகிற மாதிரி அளவெடுத்துத் தைத்த உறை. ஓரத்தில் பூ வேலை வேறு.

என் முட்டி வீங்கியது இதற்கா? என் ஓடு, என் ரசமட்டம், என் சட்டம், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பானைக்கு அலங்காரமா? கத்தினேன். அவள் உறையின் சுருக்கத்தைச் சரிசெய்துகொண்டே நின்றாள்.

"சரி, திறந்துவிட வேண்டாம். இந்தத் தண்ணியிலயே எறங்கேன்! என்னத்துக்குத்தான் இதைக் கட்டினேன்?"

"இதுல நான் எப்படி எறங்க?"

"ஏன், முதலையா கிடக்கு?"

அவள் உறையின் எலாஸ்டிக்கை இழுத்துவிட்டாள். பிறகு, உறையைப் பார்த்துக்கொண்டே, "என் தோலு உதிர்ந்து கிடக்குத தண்ணியை பொறவு யாருங்க மொண்டு குடிப்பாவ?" என்றாள்.

வாசலில் துணியை உதறியவளை நான் மனதுக்குள் எத்தனை தடவை திட்டியிருப்பேன். அவள் உதறியதை இவள் இத்தனை நாளாகத் தனக்குள்ளேயே உதறிக்கொண்டிருக்கிறாள். தன்னைத் தானே தீட்டாக்கி வைத்திருக்கிறாள், என் வீட்டில், நான் இருக்கும்போதே. அழுகைதான் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அதையும் அன்றைக்கு விழுங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஸ்கேலை முதுகுக்குள் விட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தாள். நான் வந்தது தெரியவில்லை. முழுக்கை ஜாக்கெட்டின் முழங்கையில் ரத்தக்கறை. என்னைக் கண்டதும் ஸ்கேலை மறைத்தாள். "வெள்ளிக்கிழமை தண்ணி வரும்னாவ. வரட்டும், வந்தா எறங்குதேன்" என்றாள்.

நான் பின்பக்கம் போய், கையில் இருந்த வார்னிஷையும் கிரீஸையும் சோப்புப் போட்டு, உப்புத் தண்ணீரில் நுரை வராமலே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காலையும் கழுவினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். குளியலறைக்குள் போய், அந்தப் பூ வேலை உறையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லுங்கி பனியனோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள்.

"அய்யய்யோ! மனுஷனா நீங்க? என்ன காரியம் செய்யுதீங்க? எந்திரிங்க! அசையாதீங்க! அசைஞ்சா தண்ணி போகுது!"

எழுந்திருக்கவா, அசையாமல் இருக்கவா? நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"இனி இதை யாரும் குடிக்க முடியாது. என் லுங்கி ஊறின தண்ணி. ரெண்டே வழிதான் மேரி. நீ எறங்குதியா, இல்ல, திறந்து விடட்டுமா?"

கையை முங்கவிட்டு அடைப்பானைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டினாள். என் குடும்பத்தை, என் தொழிலை, நான் கல்யாணத்துக்கு முன் அவள் வீட்டுக்கு வந்தபோது டம்ளரில் தண்ணீர் மிச்சம் வைத்ததை, எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே தண்ணீரின் மட்டத்தைப் பார்த்தாள். அவளுக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. குடிக்க ஆகாது, சமைக்க ஆகாது, கொட்டவும் மனம் ஒப்பாது. நான் அடைப்பானை லேசாக அசைத்தேன். கீழே குழாயில் களக்கென்று ஒரு சத்தம்.

"விடுங்க! விடுங்கன்னா! எறங்குதேன்!" என்று கத்தினாள். "எந்திரிச்சு வெளிய போங்க. லுங்கியைத் தொட்டிக்குள்ளயே பிழிஞ்சிட்டுப் போங்க. தரையில ஒரு சொட்டு விழக்கூடாது."

தொட்டிக்குள் நின்றபடியே லுங்கியைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தேன். கான்கிரீட் கூரையின் வெக்கையில் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருந்தது, டாக்டர் சொன்ன பதத்தில். களிம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் எட்டாமல் இரண்டு தடவை இடித்து, பிறகு விழுந்தது. தண்ணீர் மெல்லப் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

நான் கதவுக்கு வெளியே ஈர லுங்கியோடு உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சொறிகிற சத்தமாவது வரும் என்று காது கொடுத்தேன், அதுவும் வரவில்லை. அரைமணி நேரம் தாராளமாக ஆகியிருக்கும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டினேன்.

"மேரி? நேரம் ஆச்சு. போதும், எந்திரி."

"ஏங்க" என்றாள். தூக்கத்திலிருந்து வருகிற குரல். "ஊறலே இல்லீங்க. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கேன்."

வாசலில் யாரோ, "அக்கா, ஜாக்கெட் ரெடியா?" என்று கூப்பிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டி முன்பக்கம் போனேன். ஒரு இளம்பெண் நின்றிருந்தாள்.

"அக்கா குளிக்கா, தாயி. இன்னும் நேரம் ஆகும். நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பினேன்.